நாய்களின் தோல் அரிப்பும் எரிச்சலும்

நாய்களின் தோல் அரிப்பு என்பது தனி நோய் அன்று. பல நோய்களுக்குப் பொதுவாக உள்ள ஓர் அறிகுறி. உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, பூஞ்சை, பாக்டீரியா, உணவு ஒவ்வாமை, தூசி ஒவ்வாமை என எது காரணமானாலும் நாய் செய்வது ஒன்றுதான்: சொறியும், நக்கும், கடிக்கும், தரையில் தேய்க்கும். எனவே அரிப்பைப் பார்த்து மட்டும் மருந்து முடிவு செய்ய இயலாது. காரணம் தெரியாமல் அரிப்பை மட்டும் அடக்கினால் அது சில நாள்களில் திரும்பி வரும். சில வேளைகளில் முன்னைவிடக் கடுமையாகவும் வரும். முடி கொட்டி, நாற்றம் வீசும் நாய்கள் வீட்டைவிட்டு வெளியேற்றப்படுவதும் தெருவில் விரட்டப்படுவதும் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய ஒரு தோல் நோயால்தான். சென்னை போன்ற கடலோர நகரத்தின் வெப்பமும் ஈரப்பதமும் இச்சிக்கலை ஆண்டு முழுவதும் நீடிக்கச் செய்கின்றன. இக்கட்டுரை மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் சூழலை முன்வைத்து இதை விளக்குகிறது.

நாயின் தோல் எவ்வாறு வேறுபடுகிறது

முடி அடர்ந்திருப்பதால் நாயின் தோல் தடிமனானது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. மனிதரின் மேல்தோலில் பொதுவாகப் பத்துக்கு மேற்பட்ட உயிரணு அடுக்குகள் உள்ளன. நாயின் உடலில் முடி மூடிய பகுதிகளில் 3 முதல் 5 அடுக்குகளே உள்ளன. நாயைக் காப்பது முடிதான். அதன் கீழுள்ள தோல் மென்மையானது.

அமிலத்தன்மையிலும் வேறுபாடு உண்டு. மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை உடையது. அதன் அளவு ஏறத்தாழ 5.5. நாயின் தோல் 7ஐ ஒட்டி, நடுநிலைக்கு அருகில் இருக்கும். மனிதருக்கான சோப்பும் ஷாம்பும் நாய்க்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மேல்தோலின் உயிரணுக்கள் அடியில் தோன்றி மேலே வந்து உதிர ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகின்றன. ஆகவே சரியான மருத்துவம் தொடங்கிய பிறகும் தோல் பழைய நிலைக்குத் திரும்பச் சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

நலமான தோல் ஒரு சுவரைப் போன்றது. உயிரணுக்கள் செங்கற்களாகவும் அவற்றின் இடையிலுள்ள கொழுப்புப் பொருள் சாந்தாகவும் அமைந்து, ஈரம் வெளியேறாமலும் கிருமி உள்ளே புகாமலும் காக்கின்றன. சொறிவதால் இச்சுவர் உடைகிறது. உடைந்த இடத்தில் கிருமி பெருகுகிறது. கிருமியால் அரிப்பு கூடுகிறது. அரிப்பால் நாய் மேலும் சொறிகிறது. தோல் மருத்துவத்தின் முதல் வேலை இந்தச் சுழலை அறுப்பது.

சென்னையின் சூழல்

சென்னையில் குளிர்காலம் என்று சொல்லத்தக்க காலம் மிகக் குறைவு. குளிர்நாடுகளில் பனிக்காலம் உண்ணி, தெள்ளுப்பூச்சி ஆகியவற்றின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. இங்கு அந்த இடைவெளி இல்லை. எனவே ஒட்டுண்ணித் தடுப்பும் ஆண்டு முழுவதும் தேவைப்படுகிறது.

கோடையில், குறிப்பாகக் கத்திரி வெயில் நாள்களில், தார்ச்சாலையின் சூடு பாதங்களைச் சுடும். புறங்கையைச் சாலையில் சில வினாடிகள் வைத்துப் பார்த்துத் தாங்க முடியவில்லை என்றால் நாயாலும் தாங்க இயலாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் சிக்கல் வேறு வகையானது. தாழ்வான தெருக்களில் தேங்கும் நீரில் சாக்கடையும் கலக்கிறது. அதில் நடந்து வந்த நாயின் கால்விரல் இடுக்குகள் உலராமல் இருந்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தின்போதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரின் தென்பகுதிகளில் நீர் பல நாள்கள் வடியாமல் நின்றது. அத்தகைய நாள்களில் ஒவ்வொரு முறை வெளியே சென்று வந்ததும் நல்ல நீரில் கால்களைக் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துவதே சிறந்த காப்பு.

பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு நாயை அழைத்துச் செல்வோர் கவனிக்க வேண்டியது உப்பும் மணலும். கடல்நீர் உலரும்போது படியும் உப்பு தோலை வறளச் செய்யும். மணல் அக்குளிலும் விரல் இடுக்கிலும் உராயும். வீடு திரும்பியதும் வெறும் நீரால் அலசினால் போதுமானது.

காரணங்கள்

1. உண்ணி

சென்னை நாய்களில் மிகுதியாகக் காணப்படுவது பழுப்பு நாய் உண்ணி. இது காட்டிலும் புல்லிலும் மட்டுமன்றி வீட்டுக்குள்ளேயே வாழ்க்கைச் சுழற்சியை முடிக்கக்கூடியது. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கி, சுவர் விரிசல், கதவு நிலை, படிக்கட்டின் ஓரம் போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. பொரிந்து வரும் குஞ்சுகள் மீண்டும் நாயைத் தேடி ஏறுகின்றன. பழைய ஓட்டு வீட்டின் சுவர் விரிசலிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்திலும் உண்ணி ஒரே மாதிரி தங்கும். உணவின்றிப் பல மாதங்கள் உயிர் வாழவும் அதனால் முடியும். எனவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டு இடத்தைக் கவனிக்காமல் விட்டால் உண்ணி ஒழியாது.

உண்ணி தோலைப் புண்ணாக்குவதோடு இரத்த நோய்களையும் பரப்புகிறது. இந்த நோய்களுள் ஒன்றின் வரலாறு சென்னையோடு தொடர்புடையது. நாய்களின் சிவப்பணுக்களை அழிக்கும் பபீசியா கிப்சோனி என்ற ஒட்டுண்ணியை 1910இல் பாட்டன் என்ற ஆய்வாளர் முதன்முதலில் விவரித்தார். அவர் அதைக் கண்டது சென்னையிலிருந்த வேட்டைக் கழகம் ஒன்றின் நாய்களின் இரத்தத்தில். பின்னர் நரிகளின் இரத்தத்திலும் கண்டார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்நோய் இந்நகரில் உள்ளது. உண்ணி கடித்த நாய் சோர்ந்து, உணவை மறுத்து, ஈறுகள் வெளுத்து, காய்ச்சலுடன் இருந்தால் அதைத் தோல் சிக்கலாகக் கருதக் கூடாது. அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

2. தெள்ளுப்பூச்சி

தெள்ளுப்பூச்சியின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடிகளே போதும். பல நாள்கள் அரிக்கும். வால் தொடங்கும் இடம், இடுப்பின் மேற்புறம், தொடையின் பின்புறம் ஆகியவற்றில் முடி உதிர்ந்து புண் காணப்பட்டால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். பூச்சி கண்ணில் படாமல் போகலாம். அடர்ந்த பற்களுள்ள சீப்பால் வாரி, உதிரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் வைத்தால் அது செம்பழுப்பாகக் கரையும். அப்பொடி தெள்ளுப்பூச்சியின் எச்சம், செரித்த இரத்தம். நாயின் மேல் காணப்படும் பூச்சிகள் மொத்தத்தில் சிறு பங்குதான். முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகியவை படுக்கையிலும் மிதியடியிலும் சோபாவின் இடுக்கிலும் உள்ளன.

3. சொறி

சொறி என்று பொதுவாக அழைக்கப்படுவது இரு வேறு நோய்கள். சார்கோப்டிஸ் என்ற நுண்சிலந்தி தோலைக் குடைந்து வாழும். காது மடலின் ஓரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு ஆகிய இடங்களில் தொடங்கி உடலெங்கும் பரவும். அரிப்பு மிகக் கடுமையாக இருக்கும். காது மடலின் ஓரத்தை விரலால் தேய்த்தால் நாய் தன்னையறியாமல் பின்னங்காலால் சொறிய முயல்வது இதற்கு ஓர் அடையாளம். இது ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தொற்றும்.

டெமோடெக்ஸ் என்ற நுண்சிலந்தி பெரும்பாலான நாய்களின் முடிக்கால்களில் இயல்பாகவே உள்ளது. பிறந்த சில நாள்களில் தாயிடமிருந்து குட்டிக்கு வந்து சேர்கிறது. எதிர்ப்புச்சக்தி குறையும்போது மட்டும் அது அளவின்றிப் பெருகி, கண்ணைச் சுற்றியும் முன்னங்கால்களிலும் முடியை உதிர்க்கும். தொடக்கத்தில் அரிப்பு இல்லாமலும் இருக்கலாம். இது மனிதருக்குத் தொற்றாது. குட்டிகளில் ஓரிரு இடங்களில் மட்டும் தோன்றினால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

4. பாக்டீரியாவும் பூஞ்சையும்

இவை பெரும்பாலும் வேறொரு காரணத்தின் பின்னால் வருபவை. தோலில் இயல்பாகவே வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா, தோல் உடைந்ததும் பெருகிச் சீழ்க்கொப்புளங்களையும் வட்டமான பொருக்குகளையும் உண்டாக்கும். மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஈரமும் எண்ணெய்ப்பசையும் உள்ள இடங்களில் வளரும். காது, கழுத்தின் அடி, அக்குள், விரல் இடுக்கு ஆகியவை அதன் இடங்கள். பிசுபிசுப்பு, புளித்த நாற்றம், நாளடைவில் கறுத்துத் தடித்த தோல் ஆகியவை இதன் அடையாளங்கள். பக் போன்ற முகமடிப்புள்ள இனங்களிலும் தொங்கும் காதுள்ள லாப்ரடார், காக்கர் ஸ்பானியல் போன்ற இனங்களிலும் இது அடிக்கடி காணப்படும்.

5. உணவு ஒவ்வாமை

நாய்களில் ஒவ்வாமை உண்டாக்குபவையாக அதிகம் அறியப்பட்டவை மாட்டிறைச்சி, பால்பொருள்கள், கோழி, கோதுமை ஆகியவை. ஒவ்வாமை புதிய உணவால் மட்டுமே வரும் என்பது தவறான எண்ணம். ஆண்டுக்கணக்கில் உண்டு வந்த பொருளாலும் வரலாம். தயிர்சாதமே அன்றாட உணவாக உள்ள வீட்டு நாய்க்குத் தயிரே காரணமாக இருக்கலாம். கோழியும் சோறும் உண்ணும் நாய்க்குக் கோழி காரணமாகலாம். பருவம் மாறினாலும் மாறாத அரிப்பு, திரும்பத் திரும்ப வரும் காதுத்தொற்று, அவற்றோடு வயிற்றுக் கோளாறு ஆகியவை இருந்தால் உணவைச் சோதிக்க வேண்டும்.

6. சூழல் ஒவ்வாமை

வீட்டுத் தூசியில் வாழும் நுண்சிலந்திகள், மகரந்தம், பூசணம் ஆகியவற்றால் மரபுவழியாக ஒவ்வாமை கொள்ளும் நாய்கள் உண்டு. பெரும்பாலும் 6 மாதம் முதல் 3 வயதுக்குள் தொடங்கும். முன்பாதங்கள், காது, முகம், அக்குள், வயிறு ஆகியவை அரிக்கும். ஓயாமல் பாதத்தை நக்குவதால் வெள்ளை முடி எச்சிலால் செம்பழுப்பாக நிறம் மாறும். தூசிச் சிலந்திகள் ஈரப்பதத்தில் செழிப்பவை என்பதால் கடலோர நகரில் இந்நோய் ஆண்டு முழுவதும் தொடரலாம். இதை முற்றிலும் போக்க இயலாது. கட்டுக்குள் வைக்க இயலும்.

இவையன்றித் தரை துடைக்கும் பினாயில், சலவைத்தூள், கழுத்துப்பட்டை ஆகியவை நேரடியாகத் தோலைப் புண்ணாக்குவதும் உண்டு. முடி குறைந்த வயிற்றிலும் பாதத்திலும் மட்டும் சிவப்பு காணப்பட்டால் தரையில் பயன்படுத்தும் பொருளைக் கவனிக்க வேண்டும்.

காரணத்தைக் கண்டறிதல்

கால்நடை மருத்துவர் ஒரு வரிசையைப் பின்பற்றுவார்: முதலில் ஒட்டுண்ணி, அடுத்துக் கிருமித்தொற்று, அதன்பின் உணவு, கடைசியில் சூழல் ஒவ்வாமை. எளிதில் காணக்கூடியதையும் எளிதில் குணமாவதையும் முதலில் நீக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்வதே இதன் அடிப்படை. தோலைக் கத்தியின் விளிம்பால் மெல்லச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் நுண்சிலந்திகள் தெரியும். கண்ணாடித் தகட்டைத் தோலில் ஒற்றி நிறமேற்றிப் பார்த்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் தெரியும். சார்கோப்டிஸ் பல வேளைகளில் சுரண்டலில் அகப்படாது. அப்போது ஐயத்தின் பேரிலேயே மருந்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம்.

உணவு ஒவ்வாமையைக் கண்டறிய நம்பகமான வழி விலக்கு உணவுமுறைதான். நாய் இதுவரை உண்ணாத ஒரு புரதத்தையும் ஒரு மாவுப்பொருளையும் மட்டும் குறைந்தது 8 வாரங்கள் கொடுக்க வேண்டும். அரிப்பு குறைந்தால் பழைய உணவை மீண்டும் கொடுத்து, அரிப்பு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். இடையில் ஒரு பிஸ்கட்டோ ஒரு கரண்டித் தயிரோ கொடுத்தாலும் சோதனை கெட்டுவிடும். தாத்தா, பாட்டி, வேலைக்கு வருபவர், காவலாளி என நாய்க்கு ஏதாவது கொடுக்கக்கூடிய எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்பது இதில் பாதி வேலை.

மருத்துவரிடம் செல்லும் முன் சிலவற்றைக் குறித்துக்கொண்டால் உதவியாக இருக்கும்: அரிப்பு தொடங்கிய வயது, முதலில் அரித்த இடம், அரிப்பு முதலில் வந்ததா புண் முதலில் வந்ததா, ஆண்டின் எந்த மாதங்களில் கூடுகிறது, வீட்டில் வேறு விலங்குக்கோ மனிதருக்கோ அரிப்பு உண்டா, இதுவரை போட்ட மருந்துகள்.

வீட்டில் செய்யக்கூடியவை

• குளிப்பாட்டல்: வெந்நீர் அரிப்பைக் கூட்டும், குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரே நல்லது. மருத்துவர் சொன்ன ஷாம்பைத் தோலில் படும்படி தேய்த்து, 10 நிமிடம் ஊறவிட்டு, முழுவதும் அலச வேண்டும். போட்ட உடனே கழுவினால் மருந்து வேலை செய்யாது.

• உலர்த்தல்: மழைக்காலத்தில் குளிப்பாட்டுவதைவிட உலர்த்துவது முக்கியம். அடர்முடி நாய்களில் மேல்முடி உலர்ந்து அடிமுடி ஈரமாக இருந்தால் ஓரிரு நாளில் ஈரப்புண் உண்டாகும்.

• ஓட்ஸ் நீர்: ஓட்ஸை நன்றாகப் பொடித்துக் குளிர்ந்த நீரில் கரைத்து, அரிக்கும் இடத்தில் சில நிமிடம் ஊற்றி அலசுவது தற்காலிக ஆறுதல் தரும்.

• இடத்தைத் தூய்மை செய்தல்: படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். சுவர் விரிசல்களை அடைப்பது உண்ணியின் தங்குமிடத்தைக் குறைக்கும்.

• உண்ணி அகற்றல்: சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். விரலால் நசுக்குவதும் தீக்குச்சியால் சுடுவதும் கூடாது.

• கழுத்துக் கவசம்: புண்ணை நக்கவிடாமல் தடுப்பது பாதி மருத்துவம். நாய் படும் சங்கடத்தைப் பார்த்து இரக்கப்பட்டுக் கழற்றிவிட்டால் ஒரே இரவில் புண் பழைய நிலைக்குத் திரும்பும்.

செய்யக் கூடாதவை

சொறிக்கு வண்டியின் கழிவு எண்ணெயையோ மண்ணெண்ணெயையோ பூசும் வழக்கம் இன்றும் சில இடங்களில் உள்ளது. இவை தோலைச் சுடும். நாய் நக்கும்போது உடலுக்குள் சென்று நஞ்சாகும். கற்பூரம் கலந்த எண்ணெய், தேயிலை மர எண்ணெய் ஆகியவையும் நாய்க்கு நச்சுத்தன்மை உடையவை. கிருமிநாசினித் திரவத்தைக் குளிக்கும் நீரில் கலப்பதும் தவறு.

வேப்பிலை கொதித்து ஆறிய நீரால் அலசுவதால் பொதுவாகத் தீங்கில்லை. ஆனால் அது உண்ணியையோ சொறியையோ குணப்படுத்தாது. கலப்படமற்ற வேப்பெண்ணெயை அப்படியே பூசினால் எரிச்சலும், நக்கினால் வாந்தியும் உண்டாகலாம். வறண்ட தோலில் சிறிது தேங்காய் எண்ணெய் மென்மை தரும். பிசுபிசுப்பும் நாற்றமும் உள்ள தோலில் எண்ணெய் தடவுவது நிலைமையைக் கெடுக்கும்.

மருந்துக்கடையில் எளிதில் கிடைக்கும் படை களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக்கொல்லி மூன்றும் கலந்திருக்கும். பூசியதும் சிவப்பு குறைவதால் குணமானது போலத் தோன்றும். ஆனால் ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பைக் குறைப்பதால் டெமோடெக்ஸும் பூஞ்சையும் அடியில் பெருகும். நாய் அக்களிம்பை நக்கி விழுங்குவதும் உண்டு.

மருத்துவம்

உண்ணி, தெள்ளுப்பூச்சி, இருவகைச் சொறி ஆகிய அனைத்துக்கும் இன்று பரவலாகப் பயன்படுவது ஐசோக்சசோலின் வகை மாத்திரைகள். வலிப்பு நோயுள்ள நாய்களுக்கு இவற்றை மருத்துவரின் ஆலோசனையின்றிக் கொடுக்கக் கூடாது. பழைய மருந்தான ஐவர்மெக்டின் சொறிக்குப் பயன்படும். ஆனால் காலி போன்ற சில மேய்ப்பு இனங்களில் உள்ள மரபணு மாற்றத்தால் அது மூளைக்குள் சென்று உயிரைப் பறிக்கலாம். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்துகள் பூனைக்குக் கொடிய நஞ்சு. வீட்டில் பூனையும் இருந்தால் மருந்து வாங்கும்போதே சொல்ல வேண்டும்.

ஒவ்வாமை அரிப்புக்குப் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீராய்டுகள் விரைவில் பலன் தரும். நீண்டகாலம் கொடுத்தால் தாகம், அடிக்கடி சிறுநீர், எடைகூடல், தொற்று ஆகியவை வரும். ஓக்லாசிடினிப் மாத்திரை அரிப்பைத் தூண்டும் வேதிச் சைகையைத் தடுக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட நாய்களுக்கு அது ஏற்றதன்று. பாக்டீரியாத் தொற்றுக்கான மாத்திரைகளைப் புண் ஆறியதாகத் தோன்றியதும் நிறுத்தாமல் மருத்துவர் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். எந்த மருந்தின் அளவும் நாயின் எடையைப் பொறுத்தது. அண்டை வீட்டு நாய்க்குக் கொடுத்த அளவு இந்த நாய்க்குப் பொருந்தாது.

சென்னையில் 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் உள்ளது. 1989 முதல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. அதன் பயிற்சி மருத்துவமனையில் நாய்களுக்கு மருத்துவம் செய்யப்படுகிறது. அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்தில் பெசன்ட் நினைவு விலங்கு மருந்தகம் உள்ளது. 1959இல் தொடங்கப்பட்ட இந்திய நீலச்சிலுவை அமைப்பு கிண்டி, வேளச்சேரிப் பகுதியில் இயங்குகிறது.

மனிதருக்குப் பரவுமா

சார்கோப்டிஸ் சொறியும் படையும் மனிதருக்குத் தொற்றக்கூடியவை. நாயின் சார்கோப்டிஸ் மனித உடலில் நிலைத்துப் பெருகாது. கை, வயிறு ஆகிய இடங்களில் அரிப்புள்ள சிறு தடிப்புகளை உண்டாக்கி, நாய் குணமானதும் மறையும். படை அப்படியன்று, மனிதருக்கும் தனியே மருத்துவம் தேவை. ஒவ்வாமை, டெமோடெக்ஸ் சொறி, உணவுச் சிக்கல் ஆகியவை எவருக்கும் தொற்றாதவை. முடி உதிர்ந்த நாயைக் கண்டதும் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி அதை வெளியேற்றுவதற்கு முன், அது எந்த வகை என்று ஒரு சுரண்டல் சோதனையில் தெரிந்துகொள்ளலாம்.

தெருநாய்கள்

மாடவீதிகளிலும் சந்தைத் தெருக்களிலும் கடற்கரையிலும் முடியின்றித் தோல் கறுத்துத் தடித்துத் திரியும் நாய்களைக் காணலாம். இவற்றுள் பலவற்றுக்கு இருப்பது சொறி. சொறி முற்றிய நாய் இரவில் உறங்காது. உணவு தேடும் வலிமையை இழக்கும். வெறிநாய் என்று தவறாகக் கருதப்பட்டு அடிபடுவதும் உண்டு. இத்தகைய நாய்க்கு உதவ விரும்புவோர் அதைத் தாமே பிடிக்க முயலக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நாள்தோறும் உணவு வைப்பவரை நாய் நம்பும். மருத்துவர் எடையை மதிப்பிட்டுத் தரும் மாத்திரையை அவரே உணவில் மறைத்துக் கொடுக்க இயலும். இருக்குமிடத்தையும் ஒளிப்படத்தையும் விலங்கு நல அமைப்புக்குத் தெரிவிப்பது மற்றொரு வழி.

சரியான மருந்து கிடைத்தால் சொறியின் அரிப்பு ஓரிரு வாரங்களில் தணியத் தொடங்கும். பொருக்கு உதிர்ந்த இடங்களில் அடுத்த சில வாரங்களில் மெல்லிய முடி அரும்பும். ஓரிரு மாதங்களுக்குப் பிறகு அதே தெருவில் அந்த நாயைப் பார்ப்பவர்கள் அதைப் புதிதாக வந்த நாய் என்றே எண்ணுவதுண்டு.